கூதலும் கூடாரமும்: வாசகர் கேள்வி பதில்

வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்காகச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பைத் தொடர்ந்து, குளிரைப் பற்றியே கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. பதினொரு ஆண்டுகள் நோர்வேயில் வாழ்ந்தவன், அதற்கு முன்னும் பின்னும் கிளிநொச்சியில் சாரணப் பிள்ளைகளோடு காடு மேடெல்லாம் திரிந்தவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு சொல்லைப் பற்றி மட்டும் முதலிலேயே உடன்பாடு செய்துகொள்வோம். மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் பனி என்கிறோம். கனடாவில் முழங்கால் அளவுக்குக் கொட்டிக் கிடப்பதையும் பனி என்கிறோம். குழப்பம் வராதிருக்கப் பின்னதை இங்கே வெண்பனி என்றே எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது இருபத்து நான்கு. படிப்பதற்காகக் கனடா செல்லவிருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவும் அவருடைய நண்பர்களும் ஒவ்வொரு தை மாதமும் அல்கொன்குயின் பூங்காவில் கூடாரமடித்து இரண்டு இரவுகள் தங்குவார்களாம். என்னையும் வரச் சொல்கிறார்கள். குளிரே இல்லாத வன்னியில் இருந்துகொண்டு இதற்காக எதையாவது பழகிக்கொள்ள முடியுமா?
(ச. நி., முழங்காவில்)

பதில்: குளிரே இல்லாத வன்னி என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் எங்கள் கரையை ஒட்டிக் கடந்து சென்ற நாள்களை நினைத்துப் பாருங்கள். விடாத மழையும் பலத்த காற்றும் சேர்ந்தபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் கிழக்கிலும் மேய்ச்சல் வெளிகளில் நின்ற மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் விழுந்து இறந்தன. ஏதும் நோயோ என்று பயந்தவர்களும் உண்டு. வெப்பநிலையோ உறைநிலையின் அருகில்கூடச் செல்லவில்லை. நனைந்த தோலின் மேல் காற்று ஓயாமல் வீசியதும், ஒதுங்குவதற்கு மறைப்பு இல்லாததுமே அந்தக் கால்நடைகளைக் கொல்லப் போதுமாக இருந்தன. ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்த பழந்தமிழர், மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்குக் கூதிர் என்று பெயரிட்டு, பனி விழும் மாதங்களை முன்பனி, பின்பனி என்று வேறாக வைத்தார்கள். எங்கள் ஆச்சிமார் இன்றும் "கூதலாக் கிடக்கு" என்று சொல்லிச் சேலைத்தலைப்பை இழுத்துப் போர்ப்பது, வெப்பமானி 22 பாகை காட்டுகின்ற மழை நாளில்தான். ஆகையால் நீங்கள் கற்கவேண்டியதன் முதற்பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதை அல்கொன்குயினுக்கு எப்படிக் கொண்டு செல்வது என்பதுதான் மிச்சம்.

ஒன்ராறியோ மாகாணத்தில் 1893 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவில், தை மாத இரவில் வெப்பநிலை −20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது புதுமையல்ல. அந்த −20 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் முகத்துக்கு அது −33 பாகை போல இருக்கும் என்பது கனடாவில் வழங்கும் காற்றுக்குளிர்க் கணக்கு. அத்தகைய நிலையில் மூடப்படாத கன்னமும் காதும் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறையத் தொடங்கலாம். காற்றைக் கண்டால் ஒதுங்கவேண்டும் என்பது புரிகிறது. ஆனால் −20 பாகையில் மழை பெய்யாதே, ஈரம் எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்கலாம். அது உங்கள் உடம்பிலிருந்தே வரும். தடித்த அங்கியோடு வெண்பனியை வாரிக் கொட்டினால் பத்து நிமிடத்தில் முதுகு வியர்க்கும். வேலை நின்றதும் அந்த வியர்வை குளிரும். காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்லும் என்பதனால், நனைந்த பருத்தி உள்ளாடை ஒன்று உங்கள் விலையுயர்ந்த மேலங்கி முழுவதையும் பயனற்றதாக்கிவிடும். அங்கே பழகியவர்கள் வேலை தொடங்குவதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிட்டு, சிறிது குளிரோடுதான் மண்வெட்டியைத் தொடுவார்கள். வேலை முடிந்ததும் உடல் ஆறுவதற்குள் திரும்பப் போட்டுக்கொள்வார்கள். வன்னி வெயிலில் பிறந்த எங்களுக்கு வியர்வை குளிர்ச்சி தரும் நண்பன். அந்த நம்பிக்கையை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும்.

இனி, இங்கேயே பழகக்கூடியவை. மீன்வாடியிலிருந்து ஐஸ்கட்டி கொஞ்சம் வாங்கி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள். (இதய நோய் உள்ளவர்களும், குளிர் பட்டால் விரல் வெளிறுபவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.) கையை எடுத்தவுடன் தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியைப் பற்றவைக்க முயலுங்கள். பெட்டி திறக்கும், குச்சிகள் கொட்டும், கொட்டியதைப் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பொறுக்க மறுக்கும். நான் சாரணப் பிள்ளைகளிடம் இதைச் செய்வித்தபோது, நன்றாக முடிச்சுப் போடுகிற பையன் ஒருவன் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, தன் கையைத் தானே வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றான். கூடாரக் கயிற்றை அவிழ்ப்பதும் அடுப்பைப் பற்றவைப்பதும் கை விறைப்பதற்கு முன் முடிக்கவேண்டிய வேலைகள் என்பதை இதைவிட விளக்கமாக என்னால் எழுத முடியாது. பிறகு கையுறைக்குப் பதிலாகத் தடித்த காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி நான்கைந்து முடிச்சுகளைப் போடவும் அவிழ்க்கவும் பழகுங்கள்.

அடுத்தது நெருப்பு. மண்ணெண்ணெய் ஊற்றி அடுப்பு மூட்டிப் பழகியவர்களுக்கு நெருப்பு மூட்டத் தெரியாது என்பது என் கருத்து, கோபிக்க வேண்டாம். கார்த்திகை மழையில் ஒரு வாரம் நனைந்த விறகை எடுத்து, கோடரியால் பிளந்து பாருங்கள். வெளியே சொதசொதவென்று இருக்கும் கட்டையின் வயிரம் உள்ளே உலர்ந்திருக்கும். அந்த உள்மரத்தைக் கத்தியால் சிராய் சிராயாகச் சீவி, முதலில் தும்பு, அதன்மேல் சிராய், அதன்மேல் விரல் தடிப்புக் குச்சி என்று சிறிதிலிருந்து பெரிதுக்கு ஏறவேண்டும். இங்கே பன்னாடையும் கொக்கறையும் காய்ந்த ஊமலும் செய்கிற வேலையை, அங்கே பேர்ச் மரத்தின் தாள் போன்ற பட்டை செய்யும். அதில் எண்ணெய்த்தன்மை இருப்பதால் ஈரமாக இருந்தாலும் பற்றும். இரண்டு வேறுபாடுகளை மட்டும் நினைவில் வையுங்கள். வெண்பனியின் மேல் நேரே மூட்டிய நெருப்பு, பனியை உருக்கித் தானே அந்தக் குழிக்குள் இறங்கி அணையும். அடியில் பச்சைக் கட்டைகளை அடுக்கித் தளம் போடவேண்டும். வெண்பனி சுமந்த கிளைக்குக் கீழே மூட்டினால் மேலிருந்து பனி சரிந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். பூங்காவில் விறகு பொறுக்கவும் மரப்பட்டை உரிக்கவும் அனுமதி உண்டா என்பதை அண்ணாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே பழக முடியாதவையும் உண்டு. வெண்பனியைக் குவித்து உள்ளே குடைந்து செய்யும் குவின்சி என்ற குடிலைப் பற்றி நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். குவியலை ஒன்றிரண்டு மணி நேரம் இறுக விட்டு, ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் நீளக் குச்சிகளைச் சுற்றிலும் வெளியிலிருந்து குத்தி, குடையும்போது குச்சியின் நுனி தெரிந்ததும் நிறுத்தவேண்டும். மேலே காற்றுத் துளை வைக்கவேண்டும். வெண்பனியில் அடைபட்ட காற்று வெப்பத்தை விடாது என்பதால், வெளியே −20 பாகை இருக்கும்போது உள்ளே உறைநிலையை ஒட்டியே இருக்கும். ஆனால் குடையும்போது கூரை இடிந்து ஆளை மூடக்கூடும் என்பதால் ஒருவர் தனியாக அதைச் செய்யவே கூடாது. முதல் ஆண்டு நீங்கள் வெளியில் நின்று பனி அள்ளிக் கொடுங்கள், போதும். பூங்காவுக்குப் போகும் முன் ஓர் இரவை அண்ணாவின் வீட்டுப் பின்வளவில் கூடாரத்தில் கழியுங்கள். பத்து அடி தூரத்தில் கதவு இருக்கும்போது செய்கிற பிழைகள் மலிவானவை.

கேள்வி: வவுனியாவில் பழைய உடுப்புக் கடைகளில் குளிர் அங்கிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அங்கே போய் வாங்குவதைவிட இங்கேயே வாங்கலாமா, ஐயா?
(த. பி., வேப்பங்குளம்)

பதில்: மேலங்கியையும் சப்பாத்தையும் அங்கே வாங்குங்கள், மகள். காலணி இரண்டு காலுறைகளோடு போட்டும் விரல்கள் ஆடுவதற்கு இடம் விடவேண்டும். இறுக்கமான சப்பாத்து இரத்தவோட்டத்தைத் தடுத்து விரலை உறைய வைக்கும். இங்கே வாங்கத் தக்கது உடலோடு ஒட்டும் உள்ளுடையும் கம்பளிச் சுவெட்டரும். கடைக்காரர் கம்பளி என்று சொல்வதெல்லாம் கம்பளி ஆகாது. தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து, வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். மயிர் கருகும் மணம் வந்து, எரிந்த நுனி விரலில் பொடியானால் கம்பளி. கடதாசி எரியும் மணமும் சாம்பலும் என்றால் பருத்தி. அதை அப்படியே வைத்துவிடுங்கள். உருகி மணியாகத் திரண்டால் பொலியெஸ்ரர். விரைவில் உலர்வதால் அதுவும் உதவும், நெருப்புக்கு அருகில் மட்டும் கவனம். தலையால்தான் உடல் வெப்பத்தில் பாதி வெளியேறுகிறது என்று விற்பனையாளர் யாரேனும் சொல்லித் தொப்பி விற்றால் நம்பாதீர்கள். உடற்பரப்பில் தலைக்கு உள்ள பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்று. வெப்ப இழப்பும் அந்த அளவே. தொப்பியை வாங்குங்கள், காதுக்காக.

கேள்வி: நோர்வேயில் இருக்கும் என் மகன், −15 பாகையில் கூடாரத்துக்குள் படுத்திருக்கும் படத்தை அனுப்பியிருக்கிறான். பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அடியில் ஒரு சிறிய பாய் மட்டுந்தான் தெரிகிறது. எத்தனை போர்வை வேண்டும்? கூடாரத்தை நன்றாக மூடி ஒரு நெருப்புச் சட்டியை உள்ளே வைத்தால் என்ன?
(ம. செ., மாங்குளம்)

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நெருப்புச் சட்டி கூடவே கூடாது. பிள்ளை பெற்ற வீட்டில் அறைக்குள் நெருப்புச் சட்டி வைத்த வழக்கம் எங்களுக்கு உண்டு. அந்த வீடுகளில் ஓலைக் கூரையும் கிடுகு வேலியும் காற்றை விட்டன. துணிக் கூடாரத்தை மூடிவிட்டுக் கரியோ காஸ் அடுப்போ எரித்தால் வெளிப்படும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி என்று நினைத்துப் படுத்தவர் எழும்ப மாட்டார். மகனுக்கு இதை இன்றே சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும், தாய் சொன்னால் தெரிந்ததைச் செய்வார்.

அந்தச் சிறிய பாயைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் தோற்றது அந்த இடத்தில்தான். நோர்வேக்குப் போன இரண்டாவது குளிர்காலத்தில், நல்ல உறக்கப்பை ஒன்றை வாங்கிய பெருமிதத்தில், கோடை காலத்துக்கான தடித்த காற்று மெத்தை ஒன்றை அடியில் விரித்துப் படுத்தேன். கடையில் அது எந்தக் குளிருக்கும் தாங்கும் என்றே சொன்னார்கள். இரவு இரண்டு மணிக்கு விழித்தபோது நெஞ்சுப் பக்கம் இதமாக இருந்தது. முதுகும் இடுப்பும் பலகை போல விறைத்திருந்தன. மெத்தைக்குள் இருந்த காற்று தாராளமாகச் சுழன்று என் வெப்பத்தை நிலத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. உறக்கப்பையின் அடிப்பக்கமோ என் உடற்பாரத்தில் நசுங்கிப் பயனற்றுப் போயிருந்தது. விடியும்வரை முதுகுப் பையையும் கயிறுகளையும் சப்பாத்தையும் அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே பத்துப் போர்வை போர்த்தினாலும் அடியில் தடுப்பு இல்லாவிட்டால் நித்திரை வராது. இந்தத் தடுப்பை 'ஆர்' மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். வெண்பனியில் படுப்பதற்கு அது 5 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விரிப்புகளைப் போட்டால் எண்கள் கூடும். உங்கள் மகனின் பாய் மெல்லியதாகத் தெரிந்தாலும் அதன் கீழ் மற்றொன்று இருக்கக்கூடும், விசாரியுங்கள். உறக்கப்பையில் இரண்டு வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும். இதமாக உறங்கக்கூடியது ஒன்று, தாங்கக்கூடிய எல்லை மற்றது. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இரண்டாவதை. பார்த்து வாங்கவேண்டியது முதலாவதை.

கூடாரத்தை முற்றாக மூடுவதும் பிழைதான், அம்மா. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை கொட்டிய நாள்களிலும் அடுத்த ஆண்டு முழுவதும் தறப்பாளின் கீழ் உறங்கிய எங்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. விடியற்புறத்தில் தறப்பாளின் உட்பக்கம் முழுவதும் துளி கோத்து நிற்கும். யாரேனும் எழும்பும்போது தலை பட்டால் எல்லோர் மேலும் ஒருமுறை மழை பெய்யும். வெளியே மழை ஓய்ந்திருக்கும். அந்த நீர் உள்ளே படுத்திருந்தவர்களின் மூச்சு. −15 பாகையில் அதே மூச்சு கூடாரத் துணியில் உறைந்து, காலையில் வெயில் பட்டதும் உருகி உறக்கப்பையை நனைக்கும். அதனால் மேலே ஒரு திறப்பை விட்டுவைப்பார்கள். முகத்தை உறக்கப்பைக்குள் புதைத்து மூச்சு விடுவதையும் தவிர்ப்பார்கள். படுக்கும் முன் சுடுநீரைப் போத்தலில் இறுக்கி மூடி, காலுறைக்குள் போட்டு, தொடை இடுக்கில் வைத்துக்கொண்டால் நெருப்புச் சட்டி செய்கிற வேலையை அது செய்யும். காலையில் குடிப்பதற்கு உறையாத தண்ணீரும் இருக்கும்.

கேள்வி: குளிருக்கு ஒரு மிடறு சாராயம் நல்லதுதானே?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: சூடேறியது போல இருப்பது உண்மை. உள்ளுறுப்புகளைக் காக்க உடல் சுருக்கி வைத்திருந்த தோல் இரத்தக்குழாய்களைச் சாராயம் விரித்துவிடுவதால், சூடான இரத்தம் தோலுக்கு வந்து, உங்கள் வெப்பத்தை வெளியே கொடுத்துவிட்டுத் திரும்பும். நடுக்கத்தையும் நிதானத்தையும் அது குறைக்கும். பனங்கட்டியோடு தேநீர் குடியுங்கள்.

கேள்வி: நான் நாற்பது ஆண்டுகள் கடலில் தொழில் செய்தவன். என் மருமகன் கனடாவில் உறைந்த ஏரியின் மேல் நடந்து போய்த் துளை போட்டு மீன் பிடிக்கிறார். பனிக்கட்டி உடைந்து விழுந்தால் நீந்தி வரலாம்தானே? நான் இரவில் வள்ளம் கவிழ்ந்து நாலு மணித்தியாலம் மிதந்திருக்கிறேன்.
(அ. யோ., முல்லைத்தீவு)

பதில்: அண்ணை, நீங்கள் மிதந்த கடல் மாரியிலும் 25 பாகைக்குக் குறையாதது. அந்த ஏரி 0 பாகையை ஒட்டியது. அதில் விழுந்த கணத்தில் நெஞ்சு தானாகவே பெரிதாக மூச்சை இழுக்கும். தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீர். கனடாவின் மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், இத்தகைய நீரில் தாமே பலமுறை இறங்கி ஆராய்ந்தவர். ஒன்று, பத்து, ஒன்று என்ற கணக்கை அவர் பரப்பினார். மூச்சு வசப்பட ஒரு நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். நீச்சல் தெரிந்தவர்களும் பலர் இறப்பது நடுவிலுள்ள அந்தப் பத்து நிமிடத்துக்குள் வெளியேற முடியாமல், கை இயங்காமல்தான். மிதப்பு அங்கி போட்டிருந்தால் மட்டுமே மூன்றாவது கணக்குக்கு இடம் உண்டு.

விழுந்தால் வந்த திசைக்கே திரும்பவேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கத்துக் கட்டி சற்று முன்வரை அவருடைய பாரத்தைத் தாங்கியது. முழங்கைகளை விளிம்பின் மேல் போட்டு, காலை நீச்சலில் போல உதைத்து உடலைக் கிடையாக்கி, வழுக்கிக்கொண்டு மேலேறி, எழுந்து நில்லாமல் உருண்டு விலகவேண்டும். வள்ளத்துக்குள் நீங்கள் ஏறுவதும் இதே முறையில்தானே. நடப்பதற்குத் தெளிந்த நீலக் கட்டி 15 சென்ரிமீற்றராவது இருக்கவேண்டும். வெளுத்ததோ சாம்பல் நிறமானதோ நம்பத்தக்கதன்று. கழுத்தில் இரண்டு ஆணிப்பிடிகளைத் தொங்கவிடுமாறு மருமகனிடம் சொல்லுங்கள். வழுக்கும் கட்டியில் குத்திப் பிடிக்க அவை உதவும்.

கேள்வி: வெண்பனியை அள்ளித் தின்றால் தாகம் தீராதா?
(மாணவர், ஒட்டுசுட்டான்)

பதில்: தீரும் முன் குளிர் பிடிக்கும். ஒரு கிலோ பனியை உருக்கத் தேவைப்படும் வெப்பம், அதே அளவு நீரை 0 பாகையிலிருந்து 80 பாகைவரை சூடாக்கப் போதுமானது. அந்த வெப்பத்தை உங்கள் உடல் கொடுக்கவேண்டும். அடுப்பில் உருக்கிக் குடிப்பதே முறை. பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிறகு பனியைப் போடாவிட்டால் பானை கருகி, தண்ணீர் புகை மணக்கும். புதிதாகப் பெய்த வெண்பனி பத்து லீற்றர் போட்டால் ஒரு லீற்றர் தண்ணீர் கிடைக்கும்.

கேள்வி: குளிரில் விரல் விறைத்தால் நல்லெண்ணெய் போட்டுத் தேய்க்கலாமா?
(இ. க., நெடுங்கேணி)

பதில்: தேய்க்கவே கூடாது. வெளிறி, மெழுகு போல, உணர்வற்று இறுகிப்போன விரலுக்குள் நீர் ஊசி ஊசியாக உறைந்திருக்கும். தேய்த்தால் உள்ளே கிழியும். வெண்பனியால் தேய்க்கச் சொல்லும் பழைய பழக்கம் அதைவிட மோசம். தொடக்க நிலையில், வெளிறிய விரலை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கலாம். இறுகிவிட்டால் 37 முதல் 39 பாகை வரையிலான வெந்நீரில் அமிழ்த்தவேண்டும். உணர்வற்ற விரலுக்குச் சூடு தெரியாது என்பதால், நலமுள்ள வேறொருவர் முழங்கையால் பதம் பார்க்கட்டும். நெருப்பில் காட்டக்கூடாது. வழியில் மீண்டும் உறையக்கூடிய நிலை இருந்தால் உருக்காமலே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது நல்லது. உருகியது மறுபடி உறைந்தால் இழப்பு பெரிது.

கேள்வி: எங்கள் பாடசாலைச் சாரணர் பன்னிரண்டு பேரை வரும் தை மாதம் நுவரெலியாவுக்கு மூன்று நாள் பாசறைக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறோம். பிள்ளைகள் மல்லாவியைத் தாண்டி அதிகம் போகாதவர்கள். எதைக் கவனிக்கவேண்டும்?
(சாரணர் பொறுப்பாசிரியர், மல்லாவி)

பதில்: நல்ல எண்ணம், ஆசிரியரே. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை என்ற கணக்கில், மல்லாவியின் இரவைவிட அங்கே பன்னிரண்டு பாகை குறைவாக இருக்கும். அந்தக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். தை, மாசி மாதங்களில் முகிலற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட, புல்வெளிகளில் காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதை நுவரெலியா மக்கள் அடிக்கடி காண்பார்கள். குளிர்ந்த காற்று கனமானது. மழைநீர் குளத்தை நோக்கி வடிவது போல அது பள்ளத்துக்கு வடியும். ஓடைக்கரையில் அழகாக இருக்கிறதே என்று கூடாரமடித்தால், பிள்ளைகளைக் குளிரின் குளத்துக்குள் படுக்க வைத்ததாகும். ஏழெட்டு மீற்றர் மேலேறி, காற்றுக்கு மறைவான சரிவில் அடியுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் தங்க விரும்பினால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் அவர்கள் ஒதுக்கிய இடத்தில்தான். முதல் முறைக்கு நகரை ஒட்டிய இடமே போதும் என்பது என் எண்ணம்.

மலையில் மழையும் வரும். சாரணச் சீருடை பருத்தியாலானது என்பதால், நனைந்த சீருடையோடு அணிவகுப்பில் நிற்க வைக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் இரவில் மட்டும் போடுவதற்கு ஒரு சோடி உலர்ந்த உடுப்பும் காலுறையும் தனியே கட்டி வைத்திருக்கவேண்டும். வெளியே என்ன நடந்தாலும் அதைத் தொடக்கூடாது. பாய்க்குக் கீழே, புல்லின் மேல், வெறும் உரப்பைகளுக்குள் வைக்கோல் அடைத்துப் பரப்பினால் நிலத்துக் குளிர் ஏறாது. இது வெளிநாட்டு விரிப்பு எதற்கும் குறையாதது. உள்ளூர்த் தோட்டக்காரரிடம் உலர்ந்த புல் கிடைக்கும்.

பிள்ளைகளைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒருவரை ஒருவர் கவனிக்கச் சொல்லுங்கள். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் நடுங்குபவனுக்கு அது தெரியாது, பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும். கலகலப்பானவன் சிடுசிடுப்பான், கையில் இருப்பதை நழுவவிடுவான், கால் தடுக்கும், பேச்சுக் குழறும். நடுக்கம் நின்று "இப்போது குளிரவில்லை" என்று சொல்கிற பிள்ளையைப் பார்த்தால் விளையாட்டு முடிந்தது என்று கொள்ளுங்கள். காற்றில்லாத இடத்துக்கு எடுத்து, ஈர உடையைக் கழற்றி, நிலத்திலிருந்து தூக்கிய விரிப்பில் கிடத்தி, தலையையும் சேர்த்துப் போர்த்தி, நெஞ்சுப் பக்கம் சூடு கொடுத்து, கை காலைத் தேய்க்காமல் மெதுவாகக் கையாண்டு, நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுத்து, வாகனத்தை வரவழையுங்கள். வாகனம் மூன்று நாளும் அருகிலேயே நிற்கவேண்டும் என்று இப்போதே பேசி வைப்பது நல்லது.

நோர்வேயில் மலைக்குப் போவோருக்கென ஒன்பது விதிகள் வகுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நேரத்தோடு திரும்பி வருவதில் வெட்கமில்லை என்பது அவற்றுள் ஒன்று. மல்லாவியிலிருந்து பஸ் பிடித்து, பெற்றோரிடம் காசு சேர்த்து, அதிபரிடம் கையெழுத்து வாங்கி வந்த பாசறையை இரண்டாம் நாளே கலைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை கலைக்கவேண்டியிருந்தும் கலைக்காமல், காய்ச்சலோடு ஆறு பிள்ளைகளை இறக்கிக்கொண்டு கிளிநொச்சியில் பெற்றோர் முன் நின்றிருக்கிறேன். எந்த நிலையில் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே ஒரு தாளில் எழுதி, அதிபரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். நனைந்த உறக்க உடுப்பு இரண்டு பேருக்கு மேல் என்றால் அன்றைக்கே திரும்புவது என்று நான் எழுதுவேன்.